வறண்டது என்று எழுதாத கிணறு

இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதாக இல்லை. மூடியிருந்த காலம் போதும். உன்னிடம் நேருக்கு நேர் பேசி மூன்று வருடமாகிறது. உன் கல்யாணத்தன்று மண்டப வாசலில், "சாப்ட்டுட்டுப் போலாம்ப்பா" என்று நீ சொன்னாய். "எனக்கு வேலை இருக்குது" என்று நான் சொன்னேன். நாம் கடைசியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன் செய்தி எனக்கும் என் செய்தி உனக்கும் உன் அம்மா வழியாகத்தான் போகிறது. உன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று சென்னைக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். தினமும் மதியம் ஒரு மணிக்குப் போன் வரும். "சாப்ட்டீங்களா?" "ஆச்சு." "என்ன கொழம்பு?" "வெச்சது." "தம்பி உங்கள விசாரிச்சுது." அந்தக் கடைசி வாக்கியம் பொய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அதைச் சொல்ல அவள் மறந்துபோகும் நாளில் போனை வைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது இந்த மூன்று வருடக் கதை இல்லை. அதற்கும் முன்னால் நான் செய்த ஒரு காரியம். அதை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் கண்டுபிடித்தான். அது நீதான். இல்லவே இல்லை என்று உன்னிடம் சாதித்தேன். நீயும் நம்பினாய்.

போன செவ்வாய்க்கிழமை நீ விருத்தாசலம் வந்தாய். செராமிக் தொழிற்பேட்டை ரோட்டில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபம் நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. வெள்ளாறு வடிநில நீர்வளத் திட்டத்தின் வரைவு, அதன் மேல் மக்கள் கருத்துக் கேட்பு என்று பேனர் கட்டியிருந்தார்கள். மேடையில், திட்டம் தயாரித்த சென்னை அதிகாரிகளோடு நீ மூன்றாவது நாற்காலியில் இருந்தாய். நான் எங்கள் நிலத்தடி நீர் அலுவலகத்து ஆட்களோடு கடைசி வரிசையில் இருந்தேன். பக்கத்தில் இருந்த எங்கள் எழுத்தர், "சார், மேல இருக்கறது ஒங்க பையன்தான? முன்னாடி போயி ஒக்காருங்க சார்" என்றான். "வேணாம், இங்கதான் ஃபேன் காத்து வருது" என்றேன். அவன் தலைக்கு மேலே பார்த்தான். ஃபேன் சுற்றவில்லை.

நீ நன்றாகப் பேசினாய். அதைச் சொல்லத்தான் வேண்டும். திரையில் படம் போட்டு, பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தது ஒரு பிர்க்கா, அந்தப் பிர்க்காவில் நிலத்துக்கடியில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது, எவ்வளவு எடுக்கிறோம் என்று பார்த்து, அளவுக்கு மேல் எடுக்கும் இடத்துக்குச் சிவப்பு, தண்ணீர் மிச்சம் இருக்கும் இடத்துக்குப் பச்சை என்று விவசாயிகளுக்குப் புரியும்படி விளக்கினாய். சிவப்புக்குத் தடுப்பணை வரும், நீர் செறிவூட்டும் குழி வரும். பச்சைக்கு அதெல்லாம் இப்போதைக்கு வராது. ஆனால் புதிதாகப் போர் போடத் தடை இல்லை, பேங்கிலும் கடன் கொடுப்பார்கள். நம் திட்டக்குடிக்கு அந்தப்புறம் இருக்கும் மங்களூர் பக்கத்துப் பிர்க்காக்கள் வரிசையாகச் சிவந்து கிடந்தன. நடுவில் ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. அது நான் அடித்த பச்சை.

அப்போதுதான் அஞ்சலை எழுந்தாள். அவளை உனக்குத் தெரியாது. அந்தப் பச்சைப் பிர்க்காவில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், புருஷன் இல்லை. மைக்கை அவளிடம் கொடுத்தார்கள். "ஐயா, எங்க பிர்க்காவுக்குப் பச்சை அடிச்சிருக்கீங்க. பாக்க நல்லாத்தான் இருக்குது. அந்தப் பச்சை எந்தக் கொல்லையிலங்க இருக்குது? நீங்க அளந்த கெணறு எங்கூட்டுக் கெணறுதானாம், ஊராட்சியில சொன்னாங்க. ஆடு வுழுந்துடப் போவுதுன்னு நான் அது மேல முள்ளு வெட்டிப் போட்டு மூடி வெச்சிருக்கறேன். உள்ள தண்ணி இருக்குதுன்னா சொல்லுங்க, முள்ள எடுத்துட்டு நானும் ரெண்டு கொடம் மொண்டுக்கறேன்." மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவன், "அக்கா, அது கம்ப்யூட்டர் தண்ணி, கொடத்துல நிக்காது" என்றான். நீ சிரிக்கவில்லை. உன் பதில் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அம்மா, உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா இது ஒரு வருஷத்து அளவு இல்லீங்க, பல வருஷத்துப் பதிவு. அந்தக் கெணத்த மாசாமாசம் அளந்தவர எனக்குத் தெரியும். அவர் தப்பா எழுதற ஆள் இல்லீங்க." நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. அஞ்சலை மைக்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அப்ப சரிங்க, கெணறுதான் பொய் சொல்லுது" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நீ மனதார நம்பிச் சொன்னாயா, என்னைக் குத்திக்காட்டச் சொன்னாயா என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன். இரண்டில் எது என்றாலும் என்னால் தாங்க முடியாது. சாம்பார் சாதப் பொட்டலம் கொடுக்கும் இடத்தில் அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். "சார், நீங்க அந்த டேப்பு சார்தான? முடியெல்லாம் கொட்டிப்போயி அடையாளமே தெரியல." ஆமாம் என்றேன். "எங்கூட்டுக்காரரு இருந்தப்ப மாசாமாசம் வருவீங்க. அப்பறம் ஏன் சார் வர்றதில்ல?" வேறு ஆள் வருகிறார்கள் என்றேன். "யாரும் வர்றதில்லையே சார்." நான் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள். "பச்சைன்னா பேங்குல லோனு தருவாங்களாம். மருமவன் போர் போடலாங்கறான். பத்தாததுக்கு ரெண்டு மாட்டையும் வித்துடலாங்கறான். போடலாமா சார்? நீங்க இதெல்லாம் படிச்சவரு, நீங்க சொன்னா சரி." நான், "ஒரு வாரம் பொறுங்கம்மா" என்றேன். அதற்குள் நீ காரில் ஏறிவிட்டாய். பத்து நிமிட நடையில் இருக்கும் வீட்டுக்கு வராமலே போனாய். வருவாய் என்று நினைத்துக் காலையில் வீட்டைக் கூட்டி வைத்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் நிலவியலில் முதுகலை படித்தவன், அதுவும் முதல் வகுப்பில். உன் தாய்மாமாவுக்கு அது என்னவென்றே தெரியாது. உன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால், "மச்சானுக்கு கெணத்த எட்டிப்பாக்குற உத்தியோகம்" என்று சொல்லிச் சிரித்தாரே, அவரைப் போன்றவர்களை நான் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிணற்றை எட்டிப்பார்ப்பதுதான் என் வேலை, அதில் எனக்கு வெட்கமில்லை. மாதத்தின் முதல் வாரம் மோட்டார் சைக்கிளில் போய், இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து, கிணற்றுக்குள் விட வேண்டும். தண்ணீரில் நனைந்த இடம் கறுத்து வரும். உள்ளே விட்ட நீளத்தில் நனைந்த நீளத்தைக் கழித்து, கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் கழித்தால், தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அந்த நனைந்த சாக்பீஸ் கோட்டின் மேல்தான் உங்கள் சென்னை அலுவலகமே உட்கார்ந்திருக்கிறது.

அஞ்சலை நிலத்துக் கிணறும் அப்படி எங்கள் கண்காணிப்பில் இருந்த ஒன்று. ஒரு வருடம் மே மாதம் டேப்பை விட்டேன். அடியில் தட்டியது, மேலே எடுத்தால் சாக்பீஸ் வெள்ளையாகவே வந்தது. 'வறண்டது' என்று எழுதி அனுப்பினேன். படிவம் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. அப்போது இருந்த செயற்பொறியாளர் கூப்பிட்டார். அவர் பெயரை எழுதி இந்தத் தாளைக் கெடுக்க விரும்பவில்லை. "வறண்டதுன்னு எழுதினா தொடர்ச்சி விட்டுப்போவும்யா. மெட்ராஸ்ல நூறு கேள்வி கேப்பான். மாத்துக் கெணறு பாக்கணும், முன்மொழிவு அனுப்பணும், இதெல்லாம் யாரு அலையறது? போன வருஷ அளவுல கொஞ்சம் கூட்டிக் கொறச்சுப் போடு." முடியாது என்றேன். வறண்டதும் ஒரு அளவுதான், கிணறு சொல்லக்கூடியதிலேயே முக்கியமான அளவு அதுதான் என்று நான்கு பக்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதி, மாற்றுக் கிணற்றுக்கு மூன்று இடமும் குறித்துக் கொடுத்தேன். அந்த அறிக்கைக்கு இன்றுவரை பதில் வரவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. எனக்குக் கீழே இருந்தவன், எல்லா மாதமும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி அனுப்பியவன், எனக்கு மேலே போனான்.

இந்த இடத்தில்தான் நீ என்னைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பயந்து பொய் எழுதினேன் என்றால் அது பாதி உண்மைகூட இல்லை. ஆத்திரத்தில் எழுதினேன். எண்தானே வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அந்தக் கிணற்றுக்குப் போவதையே விட்டுவிட்டு, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அந்த வருட மழைப் பதிவை எதிரில் வைத்துக்கொண்டு, மார்கழியில் இவ்வளவு ஏறியிருக்கும், சித்திரையில் இவ்வளவு இறங்கியிருக்கும் என்று கணக்காகக் கற்பனை செய்து நிரப்பினேன். படித்தவன் இல்லையா, என் பொய் உண்மையைவிட அழகாக இருந்தது. ஆறு வருடம் இப்படி. மேலே இருக்கும் ஒருவனாவது, இது என்னய்யா, சுற்றிலும் இருக்கும் கிணறெல்லாம் வற்றும்போது இது மட்டும் எப்படி வற்றாமல் இருக்கிறது என்று கேட்பான், அப்போது அந்தப் பழைய நான்கு பக்கத்தை எடுத்து மேசை மேல் போடலாம் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததை எனக்குச் செய்த இன்னொரு அவமானமாக எடுத்துக்கொண்டு, அடுத்த மாதக் கட்டத்தையும் நிரப்பினேன். அந்தக் கட்டங்களுக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கும் துறைக்கும் இடையிலான சண்டை என்றுதான் அதை நினைத்திருந்தேன். அதன் பிறகு அந்தக் கிணறு வேறு ஆளின் பொறுப்புக்குப் போனது, அவனும் போகாமல் என் எண்களைப் பார்த்தே நிரப்பினான்.

நீ கடைசி வருடம் படிக்கும்போது புராஜெக்டுக்கு என்று என்னிடம் அந்தப் பதிவுகளை வாங்கினாய். மூன்றாம் நாள் அதே சாப்பாட்டு மேசையில் கிராஃப் தாளை விரித்து, "அப்பா, இந்த ஒரு கெணறு மட்டும் வருஷா வருஷம் அழகா எறங்கி அழகா ஏறுது. பக்கத்துல இருக்கற எதுவும் இப்பிடி இல்லையே. யாராச்சும் போவாமலே எழுதியிருப்பாங்களா?" என்று கேட்டாய். ஆறு வருடமாக யார் கேட்க வேண்டும் என்று ஏங்கினேனோ அந்தக் கேள்வி. சென்னையிலிருந்து வர வேண்டிய கேள்வி என் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. நான் என்ன செய்தேன்? "நாலு புஸ்தகம் படிச்சதும் அப்பன் எழுதினதுலயே நொட்டை கண்டுபுடிக்கிறியா? பாறைக்குள்ள வெடிப்பு எப்பிடிப் போவுதுன்னு ஒனக்கு என்னா தெரியும்? அடியில ஊத்து இருக்குது, அதான் வத்தல" என்று கத்தினேன். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். நீ தாளை மடித்தாய். அடுத்த நாள் காலையில் வந்து, "சாரிப்பா, நான் அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது" என்றாய். நான் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் நீ எதைப் பற்றியும் கேள்வி கேட்டதில்லை. வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னாய், பெண் பார்த்ததை அம்மாவிடம் சொன்னாய். நீ திமிர் பிடித்தவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று நடந்ததையும் சொல்கிறேன். பத்திரிகையில் உன் மாமாவின் பதவியைக் கொட்டை எழுத்தில் போட்டு என் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாமல் விட்டிருந்தார்கள். பந்தியில் அவர்தான் எல்லாரையும் உபசரித்தார். தாலி கட்டி முடிந்ததும், மாத அளவு எடுக்கப் போக வேண்டும் என்று கிளம்பினேன். எந்தக் கிணற்றுக்கும் போகவில்லை. பெண்ணாடம் பஸ் ஏறி, அங்கே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, கரும்பு டிராக்டர்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு மூன்று டீ குடித்துவிட்டு, நீங்கள் எல்லாம் சென்னைக்குக் கிளம்பியிருப்பீர்கள் என்று தெரிந்த பிறகு வீடு திரும்பினேன். உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் குடும்பப் போட்டோவில் நான் இல்லாததற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. மாமாவின் மேல் இருந்த கோபத்தை உன் மேல் தீர்த்துக்கொண்டேன், செயற்பொறியாளர் மேல் இருந்த கோபத்தை அஞ்சலையின் கிணற்றின் மேல் தீர்த்துக்கொண்ட மாதிரி. கோபம் வந்த இடத்தில் அதைக் காட்ட எனக்கு என்றைக்கும் தெம்பு இருந்ததில்லை. உன்னிடமும் அந்தக் குணம் இருக்கிறது. வாய் பேசாமல் விலகிப்போகிறாயே, அது என்னிடமிருந்து வந்ததுதான். உன் பெண்டாட்டியிடம் அதைக் காட்டாதே. அலுவலகத்திலும் காட்டாதே.

நீ இப்போது இருக்கும் பிரிவில் திட்டம் எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மழையை ஒரு அலுவலகம் அளக்கிறது. ஆற்றில் ஓடும் தண்ணீர் இன்னொரு அலுவலகத்துக்கு. ஏரி என்றால் பெரியது ஒருவருக்கு, சின்னது ஊராட்சிக்கு. குடிதண்ணீருக்குத் தனி ஆட்கள், பயிர்க் கணக்குக்குத் தனி, பம்புசெட்டு கரண்டுக்குத் தனி. வெள்ளாறு மாவட்ட எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. ஆனால் தாள்கள் எல்லாம் மாவட்டம் மாவட்டமாக, துறை துறையாகத்தான் வருகின்றன. அத்தனையையும் ஒரு ஆறு என்று சேர்த்துப் பார்க்கத்தான் உங்களை வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். முன்பு அதுவும் இல்லை. ஒரே ஊரில் ஒரு துறை ஏரியைத் தூர் வாரும்போது, அதன் கரையை ஒட்டி இன்னொரு துறை போர் போட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன், இருவரும் ஒருவரையொருவர் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் சேர்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. கட்டம் காலியாக இருந்தால் அதட்டுகிறீர்கள். நிரம்பியிருந்தால் சந்தோஷப்படுகிறீர்கள். எவன் நிரப்பினான், எப்படி நிரப்பினான், அன்றைக்கு அவன் அந்த ஊருக்குப் போனானா என்று கேட்பதில்லை. பிர்க்கா வட்டமாகி, வட்டம் மாவட்டமாகி, மாவட்டம் வடிநிலமாகி, என் சாப்பாட்டு மேசைப் பொய் உன் திரையில் பச்சையாக வந்து நிற்கிறது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் கோபப்படாதே, தம்பி. அந்த ஆள் ஏதோ சொல்ல வருகிறான் என்று நினை. மிக ஒழுங்காக வரும் அளவைப் பார்த்தால் கொஞ்சம் பயப்படு. வருடத்தில் ஒருமுறையாவது, மே மாதத்தில், காரை விட்டு இறங்கி நீயே டேப்பைப் பிடி. அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பாய். தகுதி இல்லாததால்தான் இது மட்டும் எனக்குச் சரியாகத் தெரிகிறது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அஞ்சலையின் கொல்லைக்குப் போனேன். பஸ்ஸில் திட்டக்குடி வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில். சுவரில் நாங்கள் பெயிண்டில் எழுதிய கிணற்று எண் பாதி அழிந்திருந்தது. அவளும் மருமகனும் கவைக்கோலை வைத்து முள்ளை ஒதுக்கினார்கள். சாக்பீஸ் தேய்த்து டேப்பை விட்டேன். நீண்ட நேரம் போய் அடியில் தட்டியது. மேலே வந்த சாக்பீஸ் மாவு மாதிரி உதிர்ந்தது. "போர் போடாதீங்க. மாட்ட விக்காதீங்க. கீழ கருங்கல்லுதான், எரநூறு அடி போனாலும் புழுதிதான் வரும்" என்றேன். மருமகன், "அப்ப அந்தப் பச்சை?" என்றான். "அது நான் எழுதினது. ஆறு வருஷம் வராமலே எழுதினேன்." எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வாக்கியம். இத்தனை காலம் அதற்காகவா நான் இப்படிக் கிடந்தேன்? அவன் முறைத்தான். கெட்ட வார்த்தை ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தேன். அஞ்சலைதான் பேசினாள். "ஏன் சார் அப்பிடிப் பண்ணீங்க?" பதவி உயர்வு, சிவப்பு வட்டம், நான்கு பக்க அறிக்கை, எல்லாம் தொண்டை வரை வந்தது. அவள் முன்னால் அதில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் எனக்கே அசிங்கமாக இருந்திருக்கும். முள்ளைத் திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "எங்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப்போவுது? மேடையில ஒக்காந்துக்கிட்டு, அளந்தவர எனக்குத் தெரியும்னு சொல்லுச்சே ஒரு தம்பி, அதுகிட்ட போயி சொல்லுங்க. அது ஒங்கள நம்பிக்கிட்டு இருக்குது." நீ என் மகன் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வரைவின் மேல் ஆட்சேபணை இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் எழுத்து மூலம், பெயரும் விலாசமும் போட்டு அனுப்பலாம் என்று கூட்டத்தில் அறிவித்தாய். பெயர் இல்லாமல் வரும் மொட்டைக் கடிதங்களை எடுத்துக்கொள்வதில்லை என்பது எங்கள் அலுவலகத்திலும் உள்ள விதிதான். அதனால் அங்கேயே, கிணற்றுச் சுவரின் மேல் தாளை வைத்து, அஞ்சலைக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கிணறு வறண்டு முள் போட்டு மூடியிருக்கிறது, யாரும் அளக்க வருவதில்லை, ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும், பச்சையை மாற்ற வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். ஓர் இடத்தில், "நீங்க வேற மாதிரி எழுதியிருக்கீங்க, நான் சொன்ன மாதிரியே போடுங்க" என்று திருத்தினாள். பிறகு பெயர், ஊர், கதவு எண் எல்லாம் போட்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அந்த மனு சனிக்கிழமையே பதிவுத் தபாலில் போய்விட்டது. உன் மேசைக்கு வரும். ஒரு ஆளை டேப்போடு அனுப்ப அந்தத் தாள் போதும். அவள் சொல்வது ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று உனக்குத் தெரியத்தான் இந்தக் கடிதம். நான் கற்பனையாக எழுதிய ஆறு வருடங்கள் எவை எவை என்று தனித்தாளில் மாதவாரியாகக் குறித்து இதோடு வைத்திருக்கிறேன். அவற்றையும், அவற்றைப் பார்த்துப் பிறகு நிரப்பியவற்றையும் எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார். அந்தப் பிர்க்கா பக்கத்தில் இருப்பவற்றைப் போலவே சிவக்கும். தடுப்பணை அவர்களுக்குத்தான் முதலில் வர வேண்டும்.

இவ்வளவும் எழுதி முடித்ததும் கை வழக்கப்படி பெயர், பதவி, தேதி என்று கீழே இறங்கியது. நிறுத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே செராமிக் கம்பெனிக்குத் தண்ணீர் கொண்டு வரும் டேங்கர் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் இது வாக்குமூலம். இதைப் பிரித்துப் படித்த நிமிடத்திலிருந்து நீ இதை மேலே அனுப்பியாக வேண்டிய அதிகாரி. அனுப்பினால் அப்பனைக் காட்டிக்கொடுத்தவன் என்று உன் மாமாவே பேசுவார். அனுப்பாமல் பீரோவில் வைத்தால், பதிவை மறைத்ததில் என்னோடு நீயும் சேர்ந்தாய். இந்த இரண்டில் ஒன்றை உன் கையில் திணிக்க நான் விரும்பவில்லை. ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அந்தப் பயமும் இதில் இருக்கிறது. அது இல்லை என்று சொல்லி இன்னொரு பொய்யைச் சேர்க்க மாட்டேன். விசாரணை என்று யாராவது வந்து கேட்டால் மறுக்க மாட்டேன், அதை மட்டும் சொல்ல முடியும். ஆனால் இன்றைக்கு உன்னிடம் ஒரு கோப்பு வந்து சேர வேண்டாம்.

உன் அலுவலக முகவரிக்கு அனுப்பவில்லை, வீட்டுக்குத்தான் அனுப்புகிறேன். தபால்காரர் கொடுத்ததும் உன் அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீ வந்ததும், "யாரு லெட்டரு தம்பி?" என்று கேட்பாள். அனுப்புநர் பெயர் எங்கேயும் இருக்காது. நீ பிரித்து, கடைசிப் பக்கம் வரை படித்து, கீழே வெற்றிடத்தைப் பார்ப்பாய். அதற்குப் பிறகு அவளுக்கு என்ன பதில் சொல்கிறாய் என்பது உன் இஷ்டம். யாரோ எழுதிய மொட்டைக் கடிதம் என்று சொன்னால் விதிப்படி அதுவும் சரிதான், நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன், வருத்தப்படுவேன். இருந்தாலும் காலையில் ஜங்ஷன் பக்கம் நடந்துபோய், கையெழுத்துப் போடாமலே இதைத் தபால் பெட்டியில் போடப்போகிறேன்.